அலையை மறைத்த வரி

என் ஆய்வேட்டில் உள்ள வரைபடம் பொய். அது போதாதென்று, உண்மையைக் கண்ட ஒருத்தியிடம், அவள் கண்டது பிழை என்றும் சொன்னேன்.

என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ... இருந்தாலும் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கிணறுகளில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் ஆய்வும் அப்படிப்பட்ட இரண்டு அடுக்குகளைப் பற்றியதுதான். ஒரு தொட்டி, அடியில் சுழலும் வட்டத் தட்டு, அதன்மேல் உப்புநீர், அதற்கும் மேல் நன்னீர். தட்டுச் சுழலும்போது இரண்டு நீரும் சந்திக்கும் எல்லை என்ன ஆகிறது? உண்மையான தண்ணீர் ஒரு துளியும் இல்லை. கணினியில் நீரைச் சின்னஞ்சிறு கட்டங்களாகப் பிரித்து, கணம் கணமாகக் கணக்கிட்டுப் பார்ப்பது என் வேலை.

எல்லையில் ஓர் அலை எழுந்தது. எவ்வளவு திருத்தியும் அடங்கவில்லை. எனக்கு அப்போது எட்டு மாதம். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்குள் முடிக்க வேண்டும்! கணினி நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். ஒவ்வொரு கட்டத்தின் பெறுமானத்தையும் அயல் கட்டங்களோடு சராசரியாக்கும் வரி. அலை போய்விட்டது. எல்லை கண்ணாடிபோல் கிடந்தது. ஆய்வேடு ஏற்கப்பட்டது. அந்த வரியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

பயத்தில் செய்தாள் என்று நீங்கள் மன்னிக்கக்கூடும். பொறுங்கள்...

மகளுக்கு ஒரு வயதானபோது, அவள் பகலில் உறங்கும் நேரத்தில், அந்த வரி இல்லாமல் மீண்டும் கணக்கிட்டேன். கட்டங்களை நுணுக்கினால் கணிப்பின் பிழை சுருங்கும். அலை சுருங்கவில்லை. நுணுக்க நுணுக்க இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அது பிழையே அல்ல! ஆய்வில் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததே அதுதான்.

மடிக்கணினியை மூடினேன். மகள் விழித்துவிட்டாள் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். அவள் விழிக்கவில்லை.

பிறகு வினோதினி என்ற புதிய ஆய்வு மாணவி வந்தாள். பண்டத்தரிப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். என் ஆய்வைத் தொடர்வதற்கு என் நிரலைக் கேட்டாள். அந்த வரியை நீக்கிவிட்டுத்தான் கொடுத்தேன். ஏன் நீக்கினேன்? அவள் உண்மையைக் காண வேண்டும் என்றா? இல்லை. என் களவைக் காணக்கூடாது என்று.

அவளுக்கு அலை வந்தது. வராமல் இருக்குமா?

"அக்கா, உங்கடை படத்திலை எல்லை நேராக் கிடக்கு. எனக்கேன் இப்பிடி நெளியுது?"

"அது கணக்கின்ரை பிழை, பிள்ளை. கட்டங்களை இன்னும் சின்னனாக்கிப் பாரும்," என்றேன். தெரிந்துகொண்டே!

எட்டு மாதம் பார்த்தாள். எங்கள் பேராசிரியர் எல்லோர் முன்னும் அவளிடம், "வயித்துப் பிள்ளையோடை ஒருத்தி செய்து முடிச்சவ. உமக்கென்ன, பிள்ளையோ குட்டியோ?" என்று கேட்டாராம். சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். நானும் சிரித்தேன்...

சென்ற வாரம், மருதனார்மடம் சந்தையில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கத்தரிக்காய் பொறுக்கும்போது கைபேசி ஒலித்தது.

"அக்கா! அலை போயிட்டுது!"

அந்த அலை தானாகப் போகாது. "என்ன செய்தனீர்?"

"பக்கத்துக் கட்டங்களோடை சராசரியாக்கி விட்டனான். ஒரேயொரு வரிதான். பேராசிரியர் சேரிட்டைச் சொல்லிப் போடாதேங்கோ, என்ன?"

அதே வரி. நான் மறைத்ததை அவளே எழுதிக்கொண்டாள். எழுதவைத்தவள் நான்.

அங்கேயே, சந்தை இரைச்சலுக்குள், சொன்னேன். "வினோ, உம்மடை அலை சரி. என்ரை படந்தான் பிழை. நானும் அந்த வரியைப் போட்டுத்தான் முடிச்சனான்."



"நான் முதல் கேட்டேக்கையே... உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

அழைப்பு அறுந்தது.

நாளை காலை பேராசிரியரின் அறைக்குப் போகிறேன். பட்டம் போகலாம், அதனால் கிடைத்த வேலையும் போகலாம். மகளை நினைத்து மூன்று நாள் தள்ளிப்போட்டேன், இனித் தள்ளமாட்டேன். கடிதத்தில் முதலில், 'அலையைக் கண்டவள் வினோதினி' என்று எழுதினேன். அதுவும் பொய்யல்லவா? அடித்துவிட்டுத் திருத்தினேன்: 'கண்டவள் நான், மறைத்தவளும் நான். எட்டு மாதம் அதை மறைக்காமல் வைத்திருந்தவள் வினோதினி.'

அவளுக்கும் அனுப்பினேன். வாசித்துவிட்டாள்.

இனித் திரையில் எதை நேராகக் கண்டாலும் சந்தேகிப்பாள்; எது நெளிந்தாலும் முதலில் தன் பிழை என்றே நினைப்பாள். அதைத் திருத்த என்னிடம் எந்த வரியும் இல்லை.