படத்துக்கு வைத்த முகம்

ஸ்லாவேனாவின் கீழ்த்தாடை பிறவியிலேயே உள்வாங்கியது. பள்ளியில் அவளைக் கோழிக்குஞ்சு என்றார்கள். வகுப்புப் படம் எடுத்த நாளன்று, தாடையைச் சற்று முன்னே தள்ளிப் பிடித்தால் முகம் நிறைந்துவிடுகிறது என்று கண்டுகொண்டாள். பிறகு கல்யாணப் படத்திலும் பாஸ்போர்ட்டிலும் அந்த முகம்தான். பல்கேரியாவின் பிளோவ்டிவ் நகரில் அவள் கடையில் பனிட்சா என்னும் சீஸ் அடை வாங்குகிறவர்களும் அதைத்தான் அறிவார்கள். பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே நாளாவட்டத்தில் அவளுக்கு மறந்துபோயிற்று.

தூக்கத்தில் மட்டும் பிடி விட்டுவிடும். தாடை பின்னால் சரியும், நாக்கு தொண்டையை அடைக்கும், மூச்சு நிற்கும். கணவன் நெட்கோ தோளைப் பிடித்து உலுக்குவான்.

“உன் பக்கத்துல படுக்கறதுக்கு மில்லுல வாட்ச்மேன் வேல பாக்கலாம். சம்பளமாவது வரும்,” என்பான். சிரிக்கமாட்டான்.

தாடை எலும்பை அறுத்து முன்னால் நகர்த்தவேண்டும் என்றார் டாக்டர் பாலெவா. அளவு குறைந்தால் மூச்சு பழையபடி அடைக்கும். அவளுடைய தாடையைத் தளரவிடச் சொல்லி, அது தானாகப் போய் நிற்கும் இடத்தில் ஒரு மெழுகுத் தகட்டைக் கடிக்க வைத்தார்.

“ஸ்கேன் எடுக்கறப்போ பல்லு இந்தத் தடத்துலதான் உக்காரணும். அத வச்சுத்தான் எவ்வளவு நகத்தறதுன்னு கணக்குப் போடுவேன்.”

ஸ்கேன் எடுக்கும் ரங்கெல் அவள் கடை வாடிக்கைக்காரர்.

“நேத்து பனிட்சாவுல சீஸத் தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு, ஸ்லாவேனா.”

“கண்ணாடி போட்டுக்கிட்டுச் சாப்பிடுங்கண்ணே.”

“மெழுக வாயில வையி. அப்பத்தான் நீ அடங்குவ.”

தடத்தில் பற்கள் பொருந்தின. அவர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் போனார். ஒலிபெருக்கியில் குரல் வந்தது: “அசையாத. ஸ்னிம்கா எடுக்கப்போறேன்.”

அந்த ஊரில் எக்ஸ்ரேக்கும் போட்டோவுக்கும் அந்த ஒரே சொல்தான். அதைக் கேட்டதும் ஸ்லாவேனாவின் முதுகு நிமிர்ந்தது. தாடை முன்னே வந்தது. மெழுகு மெத்தென்று பிளந்ததை நாக்கு உணர்ந்தது. இயந்திரம் தலையைச் சுற்றி வந்து நின்றது. கசங்கிய மெழுகை அவளே கூடையில் போட்டாள். ரங்கெல் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அடுத்த வாரம் பாலெவா திரையைத் திருப்பிக் காட்டினார். “நெனச்சத விடக் கொஞ்சமா நகத்தினாப் போதும். நல்ல விஷயந்தான்.”

அவர் போன் பேச வெளியே போனதும் நெட்கோ திரைக்கு அருகில் குனிந்தான். “எலும்புலகூட போட்டோவுக்கு நிக்கற மாதிரியே நிக்கறியேடி.”

“வாய மூடுங்க. டாக்டர் வராங்க.”

வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஜன்னல் கண்ணாடியில் தன் தாடையையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். அறுவையை நினைத்துப் பயம் என்று எண்ணிக்கொண்டாள்.

அறுவை அன்று மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஊசியைச் செலுத்தியபடியே பேச்சுக் கொடுத்தார். “இப்போ ஒடம்பு பூரா தளந்துடும். தாடையும் அதோட சொந்த எடத்துக்குப் போயிடும். பயப்படாதீங்க, நாங்க மூச்சப் பாத்துக்குவோம்.”

சொந்த இடம். திரையில் இருந்தது அந்த இடமில்லை. அதை வைத்துப் போட்ட அளவு போதாது.

“டாக்டர், படம்...” என்றாள்.

“படமெல்லாம் ரெடியா இருக்கும்மா,” என்று முகமூடியை வைத்து அழுத்தினார்.

கையைத் தூக்கப் பார்த்தாள், எழவில்லை. அத்தனை வருஷப் பிடியும் விட்டு, தாடை மெல்லப் பின்னால் சரிவதை விழித்திருந்தே உணர்ந்தாள்.