திரைக்கு மூன்று எட்டு

இன்று மருத்துவர் என் வயிற்றை அழுத்தியபோது அவர் கையில் அடித்த ஸ்பிரிட் மணம், திருகோணமலைத் துறைமுகத்தடியில் முன்பு இருந்த, இப்போது இல்லாமல்போன தகரக்கூரை டிஸ்பென்சரிக்கு என்னைக் கொண்டுபோனது. ஆண் டாக்டர் தொடக்கூடாதென்று பெண்கள் அங்கே திரைக்குள் இருப்பார்கள். டாக்டர் வெளியே நின்றே, கூட வந்த பிள்ளையை மேசையில் கிடத்தி, அதன் உடம்பைத் தொட்டுத்தொட்டு, திரைக்குள் இருப்பவளுக்கு நோவு எங்கே என்று கேட்பார். என்ன வைத்தியமோ அது.

அன்று உம்மா திரைக்குள் முனக, ஆறு வயதில் நான் மேசையில் கிடந்தேன்.

"உம்மாவுக்கு எவடத்தில நோகுது? கேட்டுவந்து காட்டு."

இறங்கித் திரைக்குள் போய்க் கேட்டுவந்து, மறுபடி படுத்து என் வலப்பக்க அடிவயிற்றைக் காட்டினேன். அழுத்தினார், கூசியது, சிரித்தேன்.

"வயிறு மெத்தெண்டு கிடக்கு, பயமில்லை" என்றார் வாப்பாவிடம். வாப்பாவும் தலையாட்டினார்.

மூன்றாம் நாள் உம்மாவை அடக்கம் செய்தோம்.

டாக்டர் நின்ற இடத்திலிருந்து திரைக்கு மூன்றே எட்டு வைக்கும் தூரம். மெத்தென்று கிடந்தது என் வயிறு.