முகத்துவாரத்தில் ஒட்டிய பச்சை

"உங்களை எது இன்ஸ்பையர் பண்ணுது?" என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு பழவேற்காட்டுக்கு வருவார்கள். டச்சுக்காரர் கல்லறை, கலங்கரை விளக்கம், பூநாரை எல்லாம் பார்த்துவிட்டு, இறால் வறுவலும் சாப்பிட்டுவிட்டு, கடைசியில் எங்கள் குப்பத்துக்கு வந்து இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். ஏரி, சூரியன், அலை என்று எதையாவது சொல்ல வேண்டும். சொன்னால் எழுதிக்கொள்வார்கள். வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற கிழிந்த வலை என்று உண்மையைச் சொன்னால், அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

நான் படம் ஒட்டுகிறவள். வரையத் தெரியாது. பத்து வருஷம் இறால் கம்பெனி ஷெட்டில் தலை கிள்ளினேன். பனிக்கட்டியில் ஊறி விரல் மரத்துப்போய், ஒருநாள் வேண்டாம் என்று வீட்டிலேயே நின்றுவிட்டேன். சும்மா இருந்த கை சும்மா இருக்கவில்லை. என் வீட்டுக்காரர் வலையில் நைந்த இடத்தை வெட்டி எறிவார். நீலம், சிவப்பு, பச்சை, வெயிலில் வெளுத்த ஒரு சாம்பல். அவற்றைப் பொறுக்கி, பழைய காலண்டர் அட்டையில் மைதாப் பசை வைத்து ஒட்டினேன். முதல் படத்தைக் கரப்பான் தின்றது. இரண்டாவதை எலி தின்றது. மூன்றாவதைத்தான் மனிதர்கள் பார்த்தார்கள்.

பசைக்கு வழி சொன்னவன் என் கொழுந்தன். அவன்தான் இந்தப் பக்கத்துப் படகுகளுக்கெல்லாம் பெயிண்டர். பைபர் படகில் விரிசல் விட்டால் ரெசின் ஊற்றி ஒட்டுவதும் அவனே. "அண்ணி, மைதா எதுக்கு? ரெசின் ஊத்து. ஜென்மத்துக்கும் வராது" என்றான். ஊற்றினேன். நாற்றத்தில் தலை கிறுகிறுத்தது. ஆனால் அவன் சொன்னது சரி. ஒட்டினது ஒட்டினதுதான். அப்புறம் நகத்தால் கிள்ளினாலும் வராது, கத்தியால் நெம்பினாலும் வராது.

அவனும் படம் போடுவான். அவனுடைய படத்தில் வானம் ஒரு வருஷம் ஆரஞ்சாக இருக்கும், மறு வருஷம் ஊதாவாக இருக்கும். வந்தவர்கள் அதில் பெரிய தத்துவம் பார்த்தார்கள். விஷயம் இவ்வளவுதான்: எந்தப் படகுக்கு அடித்த பெயிண்ட் டப்பாவில் மீதி இருக்கிறதோ அதுதான் வானம். எதிர்த்தெருக்காரர் படகுக்கு ஊதா கேட்ட வருஷம் எங்கள் ஏரிக்கு மேலே ஊதா வானம் வந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவன் கை நல்ல கை. நெளியும் தண்ணீரை அவன் ஒரே இழுப்பில் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஒரு தடவை சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார். கண்காட்சி நடத்துகிறவர். என் படங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இவ்வளவு சின்னதாக ஏன் ஒட்டுகிறீர்கள், உங்கள் ஏரியையே பெரிசாகச் செய்து கொடுங்கள் என்றார். என்னைக் கலைஞர் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பொய் சொல்வானேன்.

நானும் கொழுந்தனும் ஆள் உயரத்துக்கு ஒரு பிளைவுட் பலகை வாங்கினோம். அதில் அவன் ஏரியைப் போட்டான். வடக்கே விரிந்து, தெற்கே சுருங்கி, ஓரிடத்தில் கடலோடு வாய் திறக்கிற முகத்துவாரம் வரைக்கும் அப்படியே கண்ணில் பார்ப்பது போலப் போட்டான். அதன் மேல் வலை ஒட்டுவது என் வேலை. எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. சும்மா ஏதோ வலை எதற்கு, ஊரில் ஒவ்வொரு வீட்டு வலையிலிருந்தும் ஒரு துண்டு வாங்கி ஒட்டினால் ஊரே படத்தில் இருக்குமே என்று தோன்றியது. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லாரும் கொடுத்தார்கள். "நம்ம வல மெட்ராஸுக்குப் போவுதா?" என்று கேலி செய்துகொண்டே கொடுத்தார்கள். அந்த யோசனைதான் என் குடியைக் கெடுத்தது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஏரியில் யாருக்கும் சொந்த இடம் கிடையாது. வலை கட்டுகிற இடங்களுக்கு முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். ஊர் கூடிச் சீட்டுப் போட்டு வரிசை எடுப்பார்கள். அதன்படி இன்றைக்கு இந்த இடத்தில் கட்டுகிறவன் நாளைக்கு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம்தான் இருப்பதிலேயே நல்ல இடம். கடலிலிருந்து இறால் உள்ளே வருகிற வழி அது. அங்கே ஒரு முறை கட்டினால் மற்ற இடங்களில் பல நாள் கட்டியதற்குச் சமம். அதனால்தான் அது யாரிடமும் தங்கக்கூடாது, சுற்றி வரவேண்டும். எங்கள் ஊரில் வெட்டுக்குத்து இல்லாமல் இருப்பதே இந்தச் சுற்றலால்தான்.

படத்தில் எதுவும் சுற்றாது. ஒட்டினால் ஒட்டின இடத்திலேயே நிற்கும். பிறந்ததிலிருந்து இந்த ஏரியைப் பார்க்கிற எனக்கு அது உறைக்கவில்லை.

முகத்துவாரத்துப் பக்கம் வந்தபோது எனக்குப் பச்சை தேவைப்பட்டது. ஏரித் தண்ணீர் கலங்கல். கடல் தண்ணீர் உள்ளே ஏறும்போது அந்த ஒரு இடத்தில் மட்டும் பச்சையாகத் தெளியும். படகில் போனவர்களுக்குத் தெரியும். ஊரில் வாங்கின துண்டுகளில் அந்தப் பச்சை இல்லை. எங்கள் வீட்டு வலை மட்டும்தான் அந்தப் பச்சை. அதில் ஒரு கையகலத் துண்டை வெட்டி முகத்துவாரத்தில் வைத்து ரெசின் ஊற்றினேன். தண்ணீர் உள்ளே வருவது போலவே இருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம் அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

கண்காட்சியில் படத்துக்கு முன்னால் மேடம் நிற்கிற போட்டோ ஒரு நாளிதழில் வந்தது. யாரோ அதை வாட்ஸப்பில் போட்டார்கள். அது ஊருக்குள் வந்த அன்று காலையிலேயே எங்கள் வாசலில் நாலு பேர். தன் வலையைத் தெரியாத மீனவன் உண்டா? கண்ணி அளவு, முடிச்சு, சாயம் எல்லாம் பார்த்து, செல்போனை விரலால் விரித்து விரித்து, யார் வலை எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் கண்டுபிடித்துவிட்டார்கள். சேற்று இடத்தில் ஒட்டப்பட்டவர்களுக்குத்தான் கோபம் அதிகம்.

"இன்னாமே, முகத்துவாரத்த உன் புருசனுக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டியா?" என்றார் ஒருவர். எனக்குத் தூரத்துச் சித்தப்பா முறை.

"பச்ச கலரு தேவப்பட்டுச்சு சித்தப்பா. வேற வூட்ல அந்தக் கலரு இல்ல" என்றேன்.

"ஓஹோ. எங்க வல சேத்துக் கலரு, உங்க வல சமுத்திரக் கலரா?"

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

சாயங்காலம் கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. பொம்பளைகள் அங்கே பேசக்கூடாது. படம் ஒட்டினவள் நான், பதில் சொல்ல வேண்டியவர் என் வீட்டுக்காரர். நான் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்ததுகூட இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, "தெரியாம ஒட்டிட்டா, மன்னிச்சுக்கணும்" என்று மட்டும் சொன்னார். அவர் எனக்காக மன்னிப்புக் கேட்டது எனக்கு இதமாக இல்லை. எரிச்சலாக இருந்தது. தெரியாமல் ஒட்டவில்லை, தெரிந்துதான் ஒட்டினேன், அது தண்ணீரின் நிறம் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

கொழுந்தனையும் எழுப்பி நிறுத்திக் கேட்டார்கள். அவன் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். "நான் தண்ணிய மட்டும்தான் வரைஞ்சன். வல ஒட்டுனதெல்லாம் அண்ணி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். என் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

படம் ஊருக்கு வந்து அந்தத் துண்டை எடுக்கிற வரைக்கும் எங்கள் வீட்டுப் பாடு நிறுத்தம் என்று ஊர்த் தலைவர் சொன்னார். என் வீட்டுக்காரர் மறுநாளே இன்னொருவர் படகில் கூலியாகக் கடலுக்குப் போனார். சொந்த வலை வீட்டில் கொடியில் தொங்கியது.

நான் பொன்னேரி பஸ் பிடித்து, அங்கிருந்து ரயில் ஏறிச் சென்னைக்குப் போனேன். ஏசி ஹாலில் என் படத்துக்குக் கீழே மஞ்சள் விளக்குப் போட்டிருந்தார்கள். மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண் விரியக் கேட்டார். "வாவ், உங்க ஊர்ல ஒரு படத்துக்கு இவ்வளவு பவர் இருக்கா!" என்றார். என் வீட்டில் அடுப்பு எரிவது நிற்கப்போகிறது என்று சொல்கிறேன், அவர் வாவ் என்கிறார். கண்காட்சி முடிய இன்னும் நாள் இருக்கிறது, நடுவில் கழற்றினால் சுவர் காலியாக இருக்கும் என்றார். கலைஞர் தன் படைப்புக்காக உறுதியாக நிற்கவேண்டும் என்றும் சொன்னார். நான் உறுதியாகத்தான் நின்றேன், ஹாலின் நடுவில், படத்தைக் கொடுக்காமல் நகரமாட்டேன் என்று. பார்க்க வந்தவர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்ததும் கழற்றிக் கொடுத்தார்.

சென்னைக்கு மீன் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய வண்டியில் படத்தை ஏற்றிக்கொண்டு வந்தேன். திருப்பாலைவனம் தாண்டும்போது பலகை முழுக்க ஐஸ் தண்ணீர் வடிந்து கவிச்சி அடித்தது. ஒருவிதத்தில் அது அதன் ஊருக்கே வந்துவிட்டது என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

கோயில் முன்னால் பலகையைப் படுக்க வைத்தார்கள். ரெசின் விடவில்லை. கத்தி வளைந்தது. கடைசியில் என் வீட்டுக்காரர் உளியும் சுத்தியும் வாங்கி, குத்தவைத்து உட்கார்ந்து, முகத்துவாரத்தைப் பலகையோடு சேர்த்துப் பெயர்த்தார். வலை மட்டும் தனியாக வரவில்லை. கொழுந்தன் வரைந்த தண்ணீரும் சிம்பு சிம்பாக வந்தது. முடித்ததும் அந்தத் துண்டைத் தலைவரிடம் நீட்டினார். அவர் வாங்காமல், "செரி, போய் வேலயப் பாரு" என்றார். அவ்வளவுதான். அந்த வாரமே எங்கள் பாடு முறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரைக் கொடுமைக்கார ஊர் என்று யாரும் நினைக்கவேண்டாம். பிடிவாதமான ஊர், ஆனால் சொன்ன சொல் தப்பாது.

விஷயம் கேள்விப்பட்டு மேடம் போனில், அந்த ஓட்டையோடு படத்தைத் திருப்பி அனுப்ப முடியுமா, இப்போதுதான் அது முழுமையாகியிருக்கிறது என்று கேட்டார். நான் எங்கள் பாஷையில் ஒரு பதில் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. அவர் இப்போது கொழுந்தனிடம் பேசுகிறார். அவன் ஆரம்பாக்கம் பக்கத்தில் ஒரு ஓட்டல் சுவர் முழுக்கப் பூநாரை வரைகிறான். எது இன்ஸ்பையர் பண்ணுகிறது என்று கேட்டால் பறவைகளின் சுதந்திரம் என்று சொல்லப் பழகிவிட்டான்.

படத்தைப் பற்றி என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். ஒருநாள் சோறு போடும்போது மட்டும் கேட்டார்: "நெசமாவே கலருக்குத்தான் ஒட்டுனியா?" ஆமாம் என்றேன். அது முழு உண்மை இல்லை. பச்சையை வைத்து அழுத்தும்போது, இந்த மனுஷனுக்கு ஒரு நல்ல இடம் நிலையாக இருக்கட்டுமே என்று ஒரு கணம் நினைத்தேன். ஏரியில் கிடைக்காததைப் பலகையிலாவது கொடுத்துவிடுவோம் என்று. அந்த ஒரு கணத்தை ஊர் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டது. அதனால்தான் ஊர் மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம்.

பிறகு வரிசைப்படி முகத்துவாரத்து முறை எங்களுக்கு வந்தது. சீட்டில் வந்த முறை. யாரும் கொடுத்ததல்ல. விடியற்காலையில் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கரைக்கு அவர் பின்னாலேயே போனேன். படகில் வலையை ஏற்றினார். கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அடுத்த முறைக்காரரைக் கூப்பிட்டு, "நீ போய்க் கட்டு. நான் உன் எடத்துக்குப் போறன்" என்றார்.

நான் ஓடிப்போய், "இன்னாய்யா இது? உன் மொறதான? எவன் கேப்பான்?" என்றேன்.

"எவனும் கேக்க மாட்டான். மனசுல நெனப்பான். படத்துல இருந்த எடத்துலயே வந்து உக்காந்துகினான் பாருன்னு நெனப்பான்."

"நெனச்சா நெனச்சிட்டுப் போறான்."

"அவன் கூடத்தான தெனம் தண்ணில நிக்கணும் நானு" என்று சொல்லிவிட்டுக் கோலை ஊன்றினார். படகு சேற்று இடத்தைப் பார்த்துப் போனது.

இந்த முறை மட்டும்தான் என்று நினைத்தேன். அடுத்த சுற்றிலும் மாற்றிக் கொடுத்தார். அதற்கடுத்த சுற்றிலும். இப்போதெல்லாம் அவர் கூப்பிடுவதற்கு முன்பே அடுத்த முறைக்காரர் வலையோடு தயாராக நிற்கிறார். முகத்துவாரம் ஊரில் எல்லாருக்கும் சுற்றி வருகிறது. என் வீட்டுக்காரர் ஒருவர்தான் அங்கே வலை கட்டுவதில்லை.