மிச்சத்திலிருந்து மக்பராவுக்கு

ட்ராவல் ஏஜென்சியில வேலை செய்யிறவை பிளேனையே சொந்தமா வைச்சு ஓட்டுகினம் எண்டுதான் எங்கட சனம் நினைக்கிறது. சீட் சரியாச் சாயேல்லை எண்டால் எங்களுக்குப் போன், சோறு ஆறிப்போச்செண்டால் எங்களுக்குப் போன், கொழும்பில மழை பெய்தாலும் எங்களுக்குத்தான் போன். கவுண்டருக்குப் பின்னால இருந்து சீரழிஞ்ச ஆக்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. டிக்கெட்டைக் கடதாசியில அடிச்சு, உறையில போட்டுக் குடுத்த காலம் அது. லண்டனில மிச்சம் (Mitcham) எண்ட இடத்தில இருந்த எங்கட சின்னக் கடையிலயிருந்து நான் முதன்முதலா இருபது பேரைக் கூட்டிக்கொண்டு ஷீரடிக்கு டூர் போனன். போகேக்க எனக்கு முதுகு வரைக்கும் தலைமயிர் இருந்தது.

நடுச் சீட்

லண்டனின்ர ஒரு மூலை ஹரோவிலயிருந்து சிவகுமார் போன் பண்ணினார். "அக்கா, அம்மாவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துச் சீட்." சரியெண்டு போட்டிட்டு ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்கேல்லை, மற்ற மூலை மனோர் பார்க்கிலயிருந்து கலா. "அக்கா, அம்மாவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துச் சீட்." விசாரிச்சால் ரெண்டும் ஒரே அம்மா. பரமேஸ் அன்ரி.

அன்ரியின்ர மனுசன் கண்மூடின பிறகு, அவ கிழமையில பாதி நாள் ஹரோவில பேரப்பிள்ளையளோட பங்க் பெட்டில கீழ்த்தட்டு, மிச்சப் பாதி மனோர் பார்க்கில முன்னறை சோபா. அண்ணையும் தங்கச்சியும் வெம்பிளி ஸ்டேஷன் வாசலில அவவைப் பார்சல் மாதிரிக் கைமாத்துவினம். இனி அம்மா நிரந்தரமா என்னோடதான் எண்டு ரெண்டுபேரும் ஒற்றைக்காலில நிண்டினம். சொல்லக்கூடாது, ரெண்டும் தங்கமான பிள்ளையள். அதுதான் கரைச்சலே. டூர் முடிய முதல் முடிவைச் சொல்லுறன் எண்டு அன்ரி சொல்லிப்போட்டா. அதனால ரெண்டுபேரும் லீவு போட்டு, அம்மாவைத் தங்கட பக்கம் இழுக்க வெளிக்கிட்டினம். நான் அன்ரியை நடுவில வைச்சு மூண்டு சீட் போட்டன். ஹீத்ரோவில பிளேன் ஏற முதலே அன்ரி என்னைக் கூப்பிட்டுக் காதுக்குள்ள சொன்னவ:

"பிள்ளை, ரெண்டு பக்கமும் என்ர பிள்ளையள் இருந்தால் நான் எங்கால மூச்சு விடுறது?"

அறைச் சண்டை

மும்பை ஹோட்டலில அறைக்கு ரெண்டு பேர். அம்மா ஆரோட எண்டு லொபியில துவங்கீட்டுது. அம்மாவுக்குக் கால் பிடிச்சுவிட வேணும், நான்தான் போவன் எண்டு கலா. அம்மாவின்ர பிரஷர் குளிசை என்னட்டை இருக்கு, நான்தான் எண்டு சிவகுமார். ரிசெப்ஷனில நிண்ட பெடியன் எங்களை ஒரு படம் பாக்கிற மாதிரிப் பாத்துக்கொண்டு நிண்டான். எனக்கு ஏறின கடுப்பில, தனிய வந்திருந்த திலகம் அக்காவின்ர அறைத் திறப்பை எடுத்து அன்ரியின்ர கையில வைச்சிட்டன். திலகம் அக்கா மிச்சத்துக்காரி, பள்ளிக்கூடக் கிச்சினில வேலை செய்து ஓய்வெடுத்தவ, ஒரே மகள் கலியாணம் கட்டி டொரொண்டோவுக்குப் போட்டா.

விடிய நாங்கள் இட்டலிக்கு முன்னால இருக்க, ரெண்டு மனுசியளும் பள்ளிக்கூடப் பெட்டையள் மாதிரிச் சிரிச்சுக்கொண்டு வந்தினம். நித்திரை வந்ததோ அம்மா எண்டு சிவகுமார் பாவமாக் கேட்டார். அன்ரி சட்னியைத் தொட்டுக்கொண்டே சொன்னவ:

"நல்ல நித்திரை. அவவும் குறட்டை, நானும் குறட்டை, ஆரும் ஆருக்கும் குறை சொல்லேலாது."

ஆர் சாமி, ஆர் சனம்

இப்ப நான் விட்ட பிழைக்கு வாறன். ஷீரடி முடிச்சு அவுரங்காபாத். அங்க பீபி கா மக்பரா எண்டு ஒரு மொகலாயச் சமாதி இருக்கு. ஒரு இளவரசன் தன்ர தாய்க்குக் கட்டினது. தாஜ்மகாலின்ர தம்பி மாதிரி இருக்கும், ஆனால் எங்கட ஆக்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டினம். காலமை மக்பரா, பின்னேரம் எல்லோராவுக்குப் பக்கத்துச் சிவன் கோயில் எண்டு போட்டு வைச்சிருந்தன். பஸ் வாசலில நிண்டுது. முன்சீட்டில இருந்த ரிட்டயரான பள்ளிக்கூட மாஸ்டர், இது என்ன கோயில் எண்டு கேட்டார். கோயில் இல்லை மாஸ்டர், சமாதி எண்டன். எழும்பின இருபது பேரும் திரும்ப இருந்தினம்.

செத்தவீட்டுக்குப் போட்டு முழுகாமல் கோயில் வாசல்படி மிதிப்பமோ நாங்கள்? யாழ்ப்பாணத்தில பிறந்த எனக்கு இது தெரியாமலோ? டூர் ஒழுங்கு போடேக்க மறந்துபோச்சு. அவ செத்து முந்நூறு வருஷத்துக்கு மேல, துடக்குத் தீட்டெல்லாம் கழிஞ்சிருக்கும் மாஸ்டர் எண்டு கெஞ்சிப் பாத்தன். மனுசன் அசையேல்லை. ஷீரடியில பாபாவின்ர சமாதியைத் தொட்டுத்தானே கும்பிட்டனீங்கள் எண்டு கடைசியா ஒரு பிடி பிடிச்சன். மாஸ்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கொண்டு சொன்னார்:

"அவர் சாமி, பிள்ளை. இவ சனம். பஸ்ஸைத் திருப்பச் சொல்லு."

கைட்டிட்டைக் கேட்ட கேள்வி

முதல்ல கோயிலைக் கும்பிட்டிட்டுப் பின்னேரம் மக்பராவுக்குத் திரும்ப வந்தம். இனி ஹோட்டலுக்குப் போய் முழுகலாம் எண்ட தைரியத்தில எல்லாருக்கும் ஒரே குதூகலம். வெயில் சாஞ்சு வெள்ளைக் கோபுரம் மஞ்சளாக் கிடந்தது. மாஸ்டர்கூடக் கோபுரத்தைக் கையால பிடிக்கிற மாதிரி நிண்டு படம் எடுத்தார். நானும் சந்தோஷத்தில மூண்டு ஐஸ்கிறீம் குடிச்சன்.

உள்ளுக்கை போனால், மாபிள் தடுப்பால எட்டிக் கீழ பாக்கவேணும், அங்கதான் அந்தத் தாயின்ர கல்லறை. மகன்தான் கட்டினவன் எண்டு கைட் சொன்னதும் சிவகுமார் நெஞ்சை நிமித்தினார். "பாத்தீங்களோ அம்மா, மகன்." கலா விடுவாவோ? "பக்கத்தில இருந்து பாத்தது மகளா இருக்கும் அண்ணை, அதுக்கு ஆரும் கோபுரம் கட்டிறேல்லை." அன்ரி ரெண்டுபேரையும் கவனிக்கேல்லை. கீழ பாத்துக்கொண்டே என்னட்டைச் சொன்னவ: இவ உயிரோட இருக்கேக்க இவவுக்கெண்டு தனி அறை இருந்ததோ எண்டு அவரிட்டைக் கேள். நான் இங்கிலிசில கேட்டன். கைட் சிரிச்சுப்போட்டு, ராணியம்மா, ஒரு மாளிகையே இருந்திருக்கும் எண்டார். அப்ப சரி எண்டு அன்ரி தலையாட்டினவ.

பிறகு பிள்ளையளின்ர பக்கம் திரும்பினா. திலகத்தின்ர வீட்டில மகளின்ர அறை சும்மா கிடக்குதாம், தான் அங்க போகப்போறாவாம். கலா அழத் துவங்கீட்டா. அன்ரி ரெண்டுபேரின்ர கையையும் பிடிச்சுக்கொண்டு சொன்னவ:

"உங்களை நான் விட்டிட்டுப் போகேல்லை. செத்தாப் பிறகு மாபிள் வேண்டாம், இப்ப கதவு சாத்தக்கூடிய ஒரு அறை போதும்."

சனிக்கிழமைச் சாப்பாடு

லண்டனுக்கு வந்து ஒரு மாதமிருக்கும், சிவகுமார் கடைக்குள்ள வந்தார். வாங்கிக் கட்டப்போறன் எண்டு நான் மேசைக்குக் கீழ புகாத குறைதான். மனுசன் சிரிச்சுக்கொண்டு வந்தார். இப்ப சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிய அவரும் பிள்ளையளும், மனோர் பார்க்கிலயிருந்து கலாவும் குடும்பமும் மிச்சத்துக்கு வருகினமாம். திலகம் அக்கா ஒடியல் கூழ் காய்ச்சுறாவாம். வருஷக்கணக்கா ஸ்டேஷன் வாசலில மட்டும் முகம் பாத்த அண்ணையும் தங்கச்சியும் ஒரே மேசையில இருந்து சாப்பிடுகினமாம். அம்மாவும் திலகம் அக்காவும் காசிக்குப் போகினம், ரெண்டே ரெண்டு சீட் போடுங்கோ எண்டார். அப்ப நீங்கள் போகேல்லையோ எண்டு கேட்டன். அவர் பெருமூச்சு விட்டிட்டுச் சொன்னார்:

"நாங்கள் கேட்டம் அக்கா, இடமில்லையாம்."

இந்தத் தொழிலில போற டிக்கெட்டையும் வாற டிக்கெட்டையும் நான் பிழையில்லாமல் போட்டுத் தருவன், வந்து இறங்கின அம்மா எந்த வீட்டுக்குப் போவா எண்டதுக்கு மட்டும் கம்பெனி பொறுப்பில்லை.