மூச்சுக்குக் கிடைத்த ஒரே வசனம்

எங்கள் யூனிட்டில் அவனுக்குப் பெயர் மூச்சு. 'ஆக்‌ஷன்' என்றதும் மூச்சை அடக்குவான். 'கட்' சொல்லும்வரை நெஞ்சு அசையாது. ஏழு வருடம் ஓடிய எங்கள் போலீஸ் தொடரில் முப்பத்தேழு பிணமாகப் படுத்தவன். ஒட்டுத் தாடி, நரைத்த புருவம், நெற்றியில் குண்டுத் துளை என்று ஒவ்வொரு தடவையும் அவனை வேறு ஆளாக்கியது மேக்கப்மேனான நான்தான். எங்கள் ஹீரோ நீளக் கோட்டும், இருட்டறையிலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடியுமாக வந்து பிணத்தைக் குனிந்து பார்ப்பார். உடனே கொலைகாரன் யாரென்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்தக் கண்ணாடியில் எதிரே நிற்கும் ஆள் தெரிவதே பெரிய விஷயம், அது வேறு கதை.

மூச்சுக்கு எட்டு வயதில் ஒரு மகள். டிவியில் அப்பா வந்தால் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் யாரோ "உங்கப்பா செத்தவர்தானே?" என்று கேட்டுத் தொலைக்க, அன்றிலிருந்து தூங்குகிற அப்பனைத் தட்டித் தட்டி எழுப்ப ஆரம்பித்தாள்.

தொடர் முடியப் போகிறது என்று தெரிந்ததும் மூச்சு டைரக்டர் முன்னால் போய் நின்றான்.

"சார், கடைசி எபிசோட்ல ஒரே ஒரு தடவை உயிரோட வர்றேன் சார். என் பொண்ணு பார்க்கணும்."

டைரக்டர் சிரித்தார். "இத்தனை தடவை செத்துக் குடுத்திருக்கே. வசனமே தர்றேன், போ."

ஹீரோ மாடிப்படி ஏறும்போது, கீழே நிற்கும் காவலாளி "சார், அந்தப் பக்கம் போகாதீங்க!" என்று கத்த வேண்டும். அவ்வளவுதான். அப்பா பேசப் போகிறார் என்று மகள் அன்றைக்கே குடியிருப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

படப்பிடிப்பு அன்று அவனுக்குப் பவுடர் மட்டும் போட்டேன். "உன் நிஜ மூஞ்சி இதுதானாடா? எனக்கே மறந்துபோச்சு" என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான்.

'ஆக்‌ஷன்' என்றார்கள். மூச்சு நின்றுவிட்டது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. 'கட்' என்ற அடுத்த நொடி, "சார், அந்தப் பக்கம் போகாதீங்க!" என்று கணீரென்று வந்தது. யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டாவது தடவையும் அதேதான். ஐந்தாவது தடவை யாரும் சிரிக்கவில்லை.

"அண்ணே, இதுக்கிட்ட சொல்லுங்கண்ணே" என்று தன் நெஞ்சிலேயே குத்திக்கொண்டான். 'ஆக்‌ஷன்' சொல்லாமல் கையைக் காட்டுங்கள் என்று டைரக்டரிடம் கெஞ்சினேன். காட்டினார். கிளாப் கட்டை தட்டிய சத்தத்துக்கே அடைத்துக்கொண்டது. ஏழு வருடப் பழக்கம் ஒரு பிற்பகலில் விட்டுப்போகுமா?

டைரக்டர் வானத்தைப் பார்த்தார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. "படுக்கச் சொல்லு. குண்டடி பட்டுக் கிடக்கட்டும்."

சிவப்பு டப்பாவைத் திறந்தேன். அவன் கண்ணீர் நெற்றிப்பொட்டு வழியாக ஓடிக் காயத்தைக் கரைத்தது. "அழாதேடா, பெயின்ட் நிக்காது" என்றேன். அந்த நேரத்தில் எனக்குச் சொல்ல வந்த ஆறுதல் அவ்வளவுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஒரே டேக்கில் ஓகே. ஹீரோ ஏழு வருடத்தில் முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றி, அவன் இமைகளை விரலால் மூடினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஒளிபரப்பு ஞாயிறு மாலை. அவன் வீட்டுக்குப் போனேன்.

"பாப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"வாய் வரலண்ணே."

அறை கொள்ளாமல் பக்கத்து வீட்டுக்காரர்கள். அவன் மனைவி டிவி சத்தத்தைக் கூட்டினாள். மகள் அன்று அம்மா மடிக்குப் போகவில்லை. டிவிக்கு நேர் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மாடிப்படி வந்தது. துப்பாக்கி வெடித்தது. மூச்சு கீழே கிடந்தான். அவன் மனைவி திரும்பி அவனைப் பார்த்தாள்.

ஹீரோ எதிரிகளை ஒழித்துவிட்டு, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துபோனார். பெயர்கள் ஓடி முடிந்தன. வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக் கிளம்பினார்கள். மகள் மட்டும் விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பப்பா எழுந்து பேசுவீங்க?"

மூச்சு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "முடிஞ்சிடுச்சும்மா. அதுதான் கடைசி."

"நீங்க பேசுவீங்கன்னுதான்ப்பா, இந்தத் தடவை நான் கண்ணை மூடாம பார்த்தேன்" என்றாள்.