‘ஊர்’ எந்த ஸ்டாப்?

நடேசன் இறந்த செய்தியே எனக்குக் குழப்பமாகத்தான் வந்து சேர்ந்தது. மலாக்காவில் செங் ஸ்டாப்பில் பஸ்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டு, கடையில் பாலில்லாத கோப்பி ஓ ஆற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய மைத்துனர் சைக்கிளில் வந்து இறங்கி, “நடேசன் சுடா பிகி” என்றார். நடேசன் போய்விட்டார் என்று அர்த்தம். “வேலைக்கும் வரல, லீவும் சொல்லல, எங்க போனாரு?” என்று நான் மலாயில் சத்தம் போட்டேன். மைத்துனர் திருதிருவென்று விழித்தார். “பிகிலா” என்றார் மறுபடியும். “பிகி மானா?” என்று நானும் விடவில்லை. எங்கே போனார் என்று கேட்டால் அந்த மனிதர் என்னத்தைச் சொல்வார், பாவம். விரலை மேலே தூக்கிக் காட்டினார். நான் கடையின் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தேன். அதற்கப்புறம்தான் உறைத்தது. உறைத்ததும் வந்தது அழுகை இல்லை, கோபம். செத்துப்போனார் என்று சொல்ல உனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லையா என்று அந்த நல்ல மனிதர்மீது எரிந்து விழுந்தேன்.

காஜா பெராங் பஸ்ஸில் போய் வந்தவர்களுக்கு நடேசனை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் டிரைவர், அவர் கண்டக்டர். செங், காஜா பெராங், டவுன், செமாபோக் என்று ஒரே பஸ்ஸில் பல வருஷம் ஒன்றாக ஓடினோம். அவர் கம்போங் செட்டி என்கிற செட்டிகள் குடியிருப்பில் பிறந்தவர். அவர்களுடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டவர்கள். வீட்டுக்கு வீடு கோயில், பேரெல்லாம் தமிழ்ப் பேர், பேச்சு மட்டும் மலாய். நான் ரப்பர் தோட்டத்தை விட்டு டவுன் வேலைக்கு வந்த முதல் நாள், அவருடைய நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்துக் குளிர்ந்துபோய், “என்னங்க, சாப்பிட்டாச்சா?” என்றேன். அவர் “அப்பா?” என்றார். “நான் உனக்கு அப்பனாய்யா?” என்று எகிறினேன். அவர் மலாயில் ‘என்ன?’ என்றுதான் கேட்டிருக்கிறார். மலாய் எனக்குத் தெரியாததல்ல. விபூதி பூசிய முகத்திலிருந்து அது வரும் என்று என் காது எதிர்பார்க்கவில்லை.

எங்களுக்குள் பேச்சு பெரும்பாலும் மலாயில்தான், அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். பயணிகளிடம் பொறுக்கிய தமிழ். அதில் ஒரு வார்த்தை அவரைப் படாத பாடு படுத்தியது. ஒருநாள் செங்கில் ஒரு தோட்டத்து அம்மாள் தகரப் பெட்டியோடு ஏறினாள். “எங்கம்மா?” என்றார் நடேசன். அது அவருக்கு நன்றாக வரும். அந்த அம்மாள் முகமெல்லாம் பூரித்து, “ஊருக்குப்பா!” என்றாள். கப்பலேறப் போகிறவள், பாவம், யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்திருப்பாள். நடேசன் டிக்கெட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து, “அண்ணே, ஊர் எந்த ஸ்டாப்?” என்றார்.

சிரித்த சிரிப்பில் பஸ்ஸைச் சாக்கடை ஓரம் கொண்டுபோய்விட்டேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. அப்புறம் மெதுவாகத் தெரிந்துகொண்டேன்: ஊர் என்பது இந்தியாவில் இருக்கும் ஒரு பட்டணம் என்றே அவர் எண்ணிக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் “ஊருல மழையாம்”, “ஊருலருந்து கடுதாசி வந்துச்சு”, “ஊருல பொண்ணு பாத்திருக்கு” என்றுதானே பேசுகிறோம்! இத்தனை தமிழர்களும் ஒரே இடத்திலிருந்து கிளம்பி வந்தவர்கள், அந்த இடத்தின் பேர் ஊர் என்பது அவர் கணக்கு. என் சொந்தக் கிராமத்தின் பேரைச் சொல்லி, அது வேறு, மற்றவர்களுடைய ஊர் வேறு என்று விளக்கினேன். “சரி, உங்க ஊர், ஊருக்குப் பக்கத்துலயா?” என்றார். அட கடவுளே என்று விட்டுவிட்டேன்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், நெருங்க நெருங்க எங்கள் ஆட்களுக்குக் கலக்கம் பிடித்துக்கொண்டது. வெள்ளைக்காரன் போனபின் நம்மை வைத்துக்கொள்வார்களா, துரத்துவார்களா? கோப்பிக்கடையில் ஒருவன் இருப்போம் என்பான், ஒருவன் மூட்டையைக் கட்டு என்பான், மறுநாள் இருவரும் மாற்றிச் சொல்வார்கள். ஊரிலிருந்து என் அண்ணன், வந்துவிடு, வந்துவிடு என்று எழுதிக்கொண்டே இருந்தார். நான் ஒண்டிக்கட்டை. போவதற்கும் தடையில்லை, இருப்பதற்கும் காரணமில்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நடேசனிடம் சொன்னேன். “போறதுன்னா போங்க. அதுக்கு முன்ன என் ஊரப் பாத்துட்டுப் போங்க” என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை நடத்தியே மலாக்கா முழுக்க இழுத்தடித்தார்.

அவர் காட்டியதெல்லாம் விநோதம். ஒரு மேட்டின் அடியில் கோட்டை வாசல். வாசல்தான் இருக்கிறது, கோட்டையைக் காணோம். மேட்டின்மேல் கூரையில்லாத தேவாலயம். ஒரே தெருவில் பிள்ளையார் கோயில், பள்ளிவாசல், சீனர் கோயில். காஜா பெராங் என்றால் கோபக்கார யானை. அந்த யானை ஏன் கோபப்பட்டது, அப்புறம் எங்கே போனது என்று கேட்டேன். ஒரு வாரம் யானை புதைந்துபோனது என்றார், மறுவாரம் அது யானையே இல்லை, ஒரு மனிதனின் பட்டப்பேர் என்றார். எது நிஜம் என்றால், “ரெண்டும்” என்றார். பஸ்ஸில் அவர் புளியமரம் என்று கூவுகிற ஸ்டாப்பில் மரம் கிடையாது, ஜப்பான்காரன் காலத்திலேயே வெட்டியாயிற்று. புதிதாக வந்தவர்கள் புளியமரத்தைத் தேடியபடி செமாபோக் வரை போய்விட்டு என்னைத் திட்டுவார்கள். இதைச் சொன்னபோது நடேசன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “இந்த டவுன்ல எல்லாமே பாதிதான் அண்ணே. மிச்சத்த நாமதான் போட்டுக்கணும்.”

எதையும் பொறுத்துக்கொண்டேன், அம்மன் விஷயத்தில் மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் தெரு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அழைத்துப் போனார். மாவிளக்கு, வேப்பிலை, எல்லாம் நம் கோயில் மாதிரிதான். ஆனால் அங்கே எல்லோரும் அம்மனை ‘டத்தோ சாச்சார்’ என்கிறார்கள். சாச்சார் என்றால் அம்மை நோய், சரி. டத்தோ என்றால் தாத்தா! “ஆத்தாவப் போயி தாத்தாங்கிறியே, நாக்கு அழுகிடாது?” என்று கோயில் வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டேன். நடேசன் யோசித்தார். எப்போதும் யோசித்துத்தான் பதில் சொல்வார், அதுதான் எரிச்சல். “நாங்க கூப்புட்டா வருது அண்ணே. தப்பாக் கூப்புட்டா வருமா?” என்றார்.

ஆற்றோரம் உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கிராமத்தைப் பற்றி வழக்கம்போல் அளந்துகொண்டிருந்தேன். தோப்பு, ஏரி, தேர் என்று. கேட்டுக்கொண்டே இருந்தவர், “அவ்வளவு நல்ல ஊருன்னா எல்லாரும் ஏன் கப்பல் ஏறுனீங்க?” என்றார். வெறுமனே கேட்டார், குத்தலே கிடையாது. எனக்குச் சுருக்கென்று தைத்தது. விடுவிடுவென்று எழுந்து வந்துவிட்டேன். நாலைந்து நாள் அவரோடு பேசவில்லை. அவர் மணி அடிப்பார், நான் நிறுத்துவேன். மறுபடி அடிப்பார், எடுப்பேன். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று எங்கள் பஸ்ஸைப் பார்த்துக் கேலி பேசுவார்கள். அந்த நாட்களில் உள்ளே மணியோசை மட்டும்தான் இருந்தது. கடைசியில் என் கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலம் கடலையை வைத்துவிட்டுப் போனார். சண்டை தீர்ந்தது, கேள்வி தீரவில்லை.

மெர்டேக்காவும் வந்தது. யாரும் யாரையும் துரத்தவில்லை. நான் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று கப்பல் ஏறினேன். ஏரியில் மாடு மேய்ந்தது. தோப்பு நான் பிறப்பதற்கு முன்பே கைமாறிய தோப்பு, நான் அதைக் கேள்விப்பட்டதோடு சரி. அண்ணன் வீட்டில் சின்னப் பிள்ளைகள் கூழுக்குச் சண்டை போட்டார்கள், நானும் அதே முற்றத்தில் அதே சண்டை போட்டவன்தான். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. டீக்கடைக்காரர் கிளாசை நீட்டிக்கொண்டே, “ஊருக்கு எப்பக் கெளம்புறீங்க?” என்றார். “இதுதானய்யா என் ஊரு” என்றேன். “அட, ஒங்க மலாக்காவக் கேட்டேங்க” என்றார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நின்றேன். அங்கே இருந்த ஒரு மாதமும், பார்த்தவர்களெல்லாம் அதையே கேட்டார்கள்.

திரும்பி வந்து டிப்போவில் இறங்கினால் நடேசன் நிற்கிறார். “ஊர் பாத்தாச்சா?” என்றார். “பாத்தேன். அங்க போனா இதத்தான் ஊருங்கிறானுங்க” என்றேன். நெடுநேரம் யோசித்தார். பிறகு டிக்கெட் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, “அப்படின்னா ஊர் நம்ம லைன்லதான் இருக்கு” என்றார். ஆனால் அண்ணன் விடவில்லை. வீட்டில் உன் பங்கு அப்படியே இருக்கிறது, கடைசிக் காலத்தில் அந்நிய மண்ணில் கிடக்காதே என்று எழுதினார். இதோ அதோ என்று நான் இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், கார்த்திகை மாதம், நடேசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

அவருடைய இடத்துக்கு வேறொரு கண்டக்டர் வந்தார். புளியமரத்தைப் புளியமரம் என்று கூவாத ஆள். எனக்கு வண்டி ஓட்டவே பிடிக்கவில்லை. தை பிறந்ததும் நின்றுகொள்கிறேன், அண்ணனிடமே போய்விடுகிறேன் என்று டிப்போவில் சொல்லிவிட்டேன். போகி அன்று நடேசனின் மனைவி லெச்சுமியிடம் விடைபெறப் போனேன். அவரைக் காக்கா என்றுதான் கூப்பிட வேண்டும், மலாயில் அக்காவுக்கு அந்தப் பேர். ஒரு பெண்பிள்ளையைப் போய்க் காக்கா என்பதா என்று எனக்கு இன்னமும் கூசும்.

வீட்டில் கூட்டம். போகி அன்று அவர்கள் இறந்தவர்களுக்குப் படைப்பார்கள். ‘பார்ச்சு’ என்பார்கள். படைச்சு என்பதுதான் அப்படி ஆயிற்றோ என்னவோ. வரிசையாக வாழையிலை விரித்து, செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பார்கள். வருஷம் திரும்பாமல் நடேசனுக்கு இலை போடலாமா கூடாதா என்று பெரியவர்களுக்குள் தர்க்கம். லெச்சுமி காக்கா காதில் வாங்காமல் கடைசியில் ஓர் இலையை விரித்து, சோறு, மிளகாய்ச் சம்பால், கோழி, ஒரு கோப்பை கோப்பி ஓ எல்லாம் வைத்துவிட்டார். நான் பயணம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் கையைப் பிடித்து இலைகளுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

“அண்ணே, எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல” என்றார் மலாயில். “முதல்ல கப்பல்ல வந்த பெரியவங்களுக்குத் தமிழ் மட்டும்தானே தெரியும்? இவர் அவங்ககிட்டப் போயிருக்காரு. இவருக்குத் தமிழ் வராதே. அங்க யாரோட பேசுவாரு? பந்தியில உட்கார்ந்து முழிச்சிக்கிட்டிருப்பாரே! எங்க வீட்டுல சொல்றதுக்கு ஆள் இல்ல. நீங்க அவங்ககிட்டத் தமிழ்ல சொல்லுங்க.”

என்னத்தைச் சொல்ல? செத்தவர்களிடம் பேசி எனக்குப் பழக்கமில்லை. உயிரோடு இருந்த நடேசனிடமே ஒழுங்காகப் பேசியதில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். இலையைப் பார்த்து ஆரம்பித்தேன்.

“பெரியவங்களே, இவரு பேரு நடேசன். உங்க வம்சம்தான். தமிழ் வராது. கேலி பண்ணாதீங்க, கேட்டா யோசிச்சிதான் பதில் சொல்லுவாரு, கொஞ்சம் பொறுத்துக்குங்க. உங்க ஊரு எதுன்னு கேப்பாரு. கோவிச்சுக்காதீங்க. எனக்கே அது தெரியாது. ஏன் கப்பல் ஏறுனீங்கன்னும் கேப்பாரு, அதுக்கு நான் கோவிச்சுக்கிட்டேன். பசிச்சது, அதான் ஏறுனோம்னு உள்ளதச் சொல்லிருங்க. அதுல ஒண்ணும் வெக்கமில்ல. அப்புறம், எது புரியாட்டியும் விட்டுருங்க. நான் வந்து சொல்லிக்கிறேன்.”

அதற்குமேல் முடியவில்லை. அழுதுவிட்டேன், அத்தனை பேர் முன்னால். காக்கா, “என்ன சொன்னீங்க?” என்று கேட்டார். ஒவ்வொன்றாக மலாயில் சொன்னேன். கடைசி வார்த்தைக்கு வந்ததும் அவர் பதறிப்போனார். “ஐயோ, நீங்க அவசரப்படாதீங்க அண்ணே! வருஷா வருஷம் இதச் சொல்லணும்ல? யார் இருக்கா எங்களுக்கு?” என்றார்.

நடேசனைத் தெரிந்தவர்களே, நண்பர் போனால் அவருடைய சட்டையோ கடிகாரமோ மிஞ்சும் என்பார்கள். நடேசன் எனக்கு விட்டுப்போனது ஒரு வேலை: தமிழ் தெரியாத ஒரு வீட்டுக்காக, தமிழ் மட்டுமே தெரிந்த பெரியவர்களிடம் போய்ப் பேசுவது. குழப்பம் எனக்குத் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் அண்ணனுக்கு எழுதிவிட்டேன்: என் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள், நான் வருவதற்கில்லை. போகிக்கு எனக்கு இங்கே வேலை இருக்கிறது.