மறுபடியும்

என் கூரைப்புடவையைப் பெருச்சாளி கடித்துக் குதறிவிட்டது. அம்மா எடுத்துக் கொடுத்த அரக்குப் பட்டு. அம்மா போன பிறகு அவள் கைபட்ட பொருள் என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். சூட்கேஸின் மூலையில் ஓட்டை போட்டு உள்ளே புகுந்து, ஜரிகையைக்கூட விடாமல் நார் நாராகக் கிழித்திருந்தது. மருந்து வைத்தால் எங்கேயாவது போய்ச் செத்துவிடும். எனக்கு அது போதாது. என் கண்ணெதிரே அது மாட்ட வேண்டும்.

ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பிடிக்கிற பேச்சு காதில் விழுந்தால் உஷாராகிவிடுமாம். மாமியாருக்கு அது ‘அவரு’.

“சத்தமா பேசாதம்மா. அவரு கேட்டுக்கினு இருப்பாரு.”

“கேக்கட்டும் அத்தை. அவருக்குக் கருமாதி என் கையாலதான்” என்று அதன் வளையைப் பார்த்தே கத்தினேன்.

ஒட்டும் அட்டை வைத்தேன். அட்டையையே இழுத்துக்கொண்டு போய்விட்டது. மசால்வடை வைத்த கூண்டில் ஒரு மூஞ்சூறு மாட்டிக்கொண்டு நாறியது. ஆத்திரம் தலைக்கேறியது. வீட்டுக்காரர் வேலை செய்யும் கும்மிடிப்பூண்டி கம்பெனியிலிருந்து கொஞ்சம் கிரீஸ் கொண்டுவரச் சொன்னேன். பழைய நீல டிரம்முக்குள் சுற்றிலும் அதைப் பூசினேன். வாயில் செய்தித்தாளை விறைப்பாகக் கட்டி, நடுவில் கருவாடு வைத்து, ஏற ஒரு பலகையும் சாய்த்தேன். முதலில் சும்மா தின்ன விட்டேன். நன்றாகப் பழகிய பிறகு, தாளைப் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு மறுபடி கருவாடு வைத்தேன்.

காலையில் டிரம்முக்குள் இருந்தது. பூனைக்குட்டி பருமன். வால் பாதிதான். ஏற ஏற வழுக்கி விழுந்தது. ரசித்துப் பார்த்தேன். உலக்கையைக் கையில் எடுத்தபோது, பக்கத்து வீட்டிலிருக்கும் என் ஓரகத்தி எட்டிப் பார்த்தாள்.

“ஐயோ, மறுபடியும் இதுவா?”

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“மறுபடியும்னா இன்னாடி?”

“எங்க கூண்டுல மாட்டுனதுதான்க்கா இது. கதவு வுழுந்துதான் வாலு அறுந்துட்ச்சி. புள்ளையாரு வாகனமாச்சே, கொல்லக்கூடாதுன்னு... இவருதான் உங்க கொல்லைல வுட்டுட்டாரு.”

உலக்கையைக் கீழே வைத்தேன். டிரம்மை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குள் போனேன். “இன்னாக்கா, இன்னாக்கா” என்று பின்னாலேயே ஓடி வந்தாள். பீரோ பக்கத்தில் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அவள் பெரிதாக அழும் சத்தம் கேட்டது. பட்டுப்புடவையோ, வேறு எதுவோ தெரியாது. என் அம்மா சாவுக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

“போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாம்மா” என்றார் மாமியார்.

நான் சாப்பிட உட்கார்ந்தேன். அன்றைக்குச் சோறு ரெண்டு கரண்டி கூடவே இறங்கியது.